பழியை விரல்மேல் போடாதீர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை யார் நினைவாக அமைந்திருக்கிறதோ, அந்தப் பெரியவர் தபால் துறையில் முப்பத்தோராண்டு பணிபுரிந்தவர். அவருடைய மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது ஒன்று சொன்னார்: "அப்பா கவுண்டர்ல இருந்தா, மணியார்டர் ஃபாரம் எழுதத் தெரியாம நிக்கறவங்களுக்கு அவரே எழுதிக் குடுப்பார் சார். 'ஃபாரத்த இப்படி அச்சடிச்சா அவங்க என்ன பண்ணுவாங்க'ன்னு வீட்டுல வந்து சொல்லுவார்." இன்றைய தலைப்பை எனக்குக் கொடுத்தது அந்த ஒரு வாக்கியம்தான். படிவம் நிரப்பத் தெரியாமல் நின்றவர்மேல் அவர் குறை காணவில்லை. குறை படிவத்தில் இருக்கிறது என்று கண்டார்.

நான் இருபத்தெட்டு ஆண்டுகள் கணினி அறிவியல் கற்பித்தேன். மென்பொருளை எழுதுவது எப்படி, பிழை நீக்குவது எப்படி, வேகமாக ஓட வைப்பது எப்படி என்றெல்லாம் பாடத்திட்டத்தில் இருந்தது. அதைக் கையில் வாங்கும் மனிதரின் முகத்தைப் பார்ப்பதற்கு அந்தப் பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். செல்பேசியிலோ கணினியிலோ ஒரு காரியம் கைகூடாமல் போகும்போது, பழுது மென்பொருளில் இருந்தாலும் பழி பயன்படுத்துகிறவர்மேல் விழுகிறது. பெரும்பாலும் அவரே அதை ஏற்றுக்கொண்டும் விடுகிறார். அப்படி ஏற்றுக்கொள்ளும் வரையில் எந்த நிறுவனத்துக்கும் தன்னைத் திருத்திக்கொள்ளும் அவசியம் வராது. இதை ஆறு குறிப்புகளாக விரிக்கிறேன்.

1. அக்காவும் ஆறு இலக்கமும்

என் அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. அங்கன்வாடியில் முப்பது வருடம் இருந்தவர். அரிசி, பருப்பு, முட்டைக் கணக்கை ஒரு நாள்கூடத் தவறவிடாமல் எழுதி வைத்தவர். போன மாசி மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, செல்பேசிச் செயலி ஒன்றில் எரிவாயு உருளைக்குப் பதிவு செய்ய முயன்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்பேசி எண்ணைக் கொடுத்தார். ஓடிபி வந்தது. குறுஞ்செய்தி மேலே ஒரு கணம் எட்டிப்பார்த்து மறைந்துவிட்டது. எண்ணைப் பார்க்கச் செய்திப்பெட்டிக்குப் போனார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஆறு இலக்கத்தையும் நிதானமாக எழுதினார். திரும்பிச் செயலிக்கு வந்தால் அது முதல் பக்கத்துக்குப் போய்விட்டிருந்தது. மறுபடியும் எண், மறுபடியும் ஓடிபி. இரண்டாம் முறை அவர் எழுதி முடித்து வருவதற்குள் நேரம் கடந்துவிட்டது. மூன்றாம் முறை பழைய தாளில் இருந்த எண்ணைப் போட்டுவிட்டார். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: பல முறை தவறாக முயன்றுவிட்டீர்கள், 24 மணி நேரம் கழித்து முயலவும்.

அக்கா செல்பேசியை மடியில் வைத்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராதுடா தம்பி. நான்தான் எதையோ அழுத்திட்டேன்போல" என்றார்.

அவர் எதையும் தவறாக அழுத்தவில்லை. செய்திப்பெட்டிக்குப் போய்த் திரும்பினால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்ற சாதாரண ஏற்பாட்டைச் செயலியை எழுதியவர்கள் செய்யவில்லை. ஆறு இலக்கத்தைத் தாளில் எழுதிப் பார்த்துத்தான் ஒருவர் பதிவார் என்பது அவர்கள் நினைவிலேயே இல்லை. ஆனால் திரையில் வந்த வாக்கியத்துக்கு எழுவாய் "நீங்கள்". தவறாக முயன்றவர் நீங்கள்.

தன்னையே நொந்துகொள்ளும் இந்த மனநிலையை ஊன்றிப் பார்த்தவர்களில் டொனால்ட் நார்மன் முக்கியமானவர். அறிதிறன் உளவியல் அறிஞர். 1979இல் அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபின், கட்டுப்பாட்டு அறை ஊழியர்கள் ஏன் தவறு செய்தார்கள் என்று ஆராய அவரையும் அழைத்தார்கள். ஊழியர்களின் குறையைத் தேடப் போனவர், அந்த அறையே தவறு செய்ய வைக்கும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். 1988இல் வெளிவந்த அவருடைய நூல் அன்றாடப் பொருள்களைப் பற்றியது. தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாத கதவு, எந்தக் குமிழ் எந்த அடுப்புக்கு என்று விளங்காத அடுப்பு. அவற்றின் முன் திணறுகிறவர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள் என்பதை அவர் திரும்பத் திரும்பக் காட்டுகிறார். அந்த நூல் வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. கதவின் இடத்துக்குச் செல்பேசி வந்திருக்கிறது. நொந்துகொள்வது மட்டும் அப்படியே இருக்கிறது.

2. கணினி பொய் சொல்லாது என்ற நம்பிக்கை

அஞ்சலகத்தில் பணிபுரிந்தவரின் நினைவில் பேசும்போது பிரிட்டன் அஞ்சலகத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. பயனர்மேல் பழி போடுவது எதுவரை போகும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது.

1999 முதல் அங்குள்ள கிளை அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் நிறுவப்பட்டது. ஃபுஜிட்சு நிறுவனத்தின் தயாரிப்பு. கிளைகளை நடத்தியவர்கள் ஊர்ப்புறக் கடைக்காரர்கள், கணவன் மனைவியாகச் சேர்ந்து ஒரு கடையையும் அஞ்சலகத்தையும் நடத்தியவர்கள். புலம்பெயர்ந்த இந்தியக் குடும்பங்களும் அவர்களில் உண்டு. மாலையில் கணக்கு முடிக்கும்போது திரையில் காட்டும் தொகைக்கும் பெட்டியில் இருக்கும் பணத்துக்கும் வித்தியாசம் வரத் தொடங்கியது. ஒப்பந்தப்படி குறையும் பணத்தை அவர்கள்தான் கட்ட வேண்டும். கட்டினார்கள். சேமிப்பைக் கரைத்தார்கள், வீட்டை அடகு வைத்தார்கள். உதவி எண்ணுக்கு அழைத்தவர்களில் பலருக்கு, வேறு யாருக்கும் இந்தச் சிக்கல் இல்லை என்ற பதில்தான் கிடைத்தது.

ஒரு பிழையை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊர். 2015இல் அங்குள்ள கிளைக்கு 8,000 பவுண்டு ரொக்கம் வருகிறது. வந்து சேர்ந்தது என்று உறுதி செய்ய என்டர் விசையை அழுத்துகிறார்கள். திரை உறைந்து நிற்கிறது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? இன்னொரு முறை அழுத்துவோம். அதைத்தான் அவர்களும் செய்தார்கள். திரை அசையவில்லை, ஆனால் உள்ளே ஒவ்வொரு அழுத்தலுக்கும் 8,000 பவுண்டு புதிதாக வரவு ஏறிக்கொண்டே போனது. முடிவில், வராத 24,000 பவுண்டு வந்ததாகக் கணக்குக் காட்டியது. அந்தத் தொகை இப்போது பெட்டியில் "குறைகிறது". ஒரு விரல் என்டரை மறுபடி அழுத்தியதற்கு இவ்வளவு விலை.

1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் கருவுற்றிருந்த நிலையில் சிறைக்குப் போனார். இங்கிலாந்தில் அந்தக் காலகட்டத்துச் சட்டம், மாறாக நிரூபிக்கப்படாதவரை கணினி சரியாக இயங்கியது என்றே கொண்டது. மனிதருக்குச் சந்தேகத்தின் பலன் உண்டு என்போம். இங்கே அந்தப் பலன் இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கம்ப்யூட்டர் வீக்லி என்ற இதழ் 2009இல் ஏழு பேரின் கதையை வெளியிட்டது. ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் கிளை அஞ்சலகக்காரர், தனித்தனியாக அழுதுகொண்டிருந்தவர்களை ஒன்று சேர்த்தார். 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மென்பொருளில்தான் பிழைகள் என்று தீர்ப்பளித்தது. 2024இல் தனிச் சட்டம் இயற்றி மொத்தமாகத் தண்டனைகளை நீக்கினார்கள். இடையில் போன ஆண்டுகளும் போன உயிர்களும் திரும்பவில்லை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. "எனக்கு மட்டும்தான் இப்படி" என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தவரை நிறுவனம் பாதுகாப்பாக இருந்தது. "உனக்குமா?" என்று ஒருவர் மற்றவரைக் கேட்ட நாளிலிருந்துதான் நிலைமை மாறியது.

3. செல்லாத பெயர்

இது நம் வீட்டுச் சங்கதி. என் மாணவி ஒருத்தி வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் இணையப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு இருப்பது ஒரு பெயரும் தகப்பனார் பெயரின் முதலெழுத்தும்தான். அவள் கடைசிப் பெயருக்கான கட்டத்தில் இனிஷியலைப் போட்டாள். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது. காலியாக விட்டாள். கட்டாயம் நிரப்ப வேண்டும் என்றது. இனிஷியலோடு புள்ளி வைத்தாள். "செல்லாத பெயர்" என்றது.

பெற்றவர்கள் வைத்த பெயர், இருபது வருடம் எல்லோரும் கூப்பிட்ட பெயர். அதைச் செல்லாது என்று ஓர் இயந்திரம் அவளிடம் சொல்கிறது. வேறு வழியில்லாமல் தகப்பனார் பெயரை முழுதாக எழுதினாள். அங்கிருந்து அடுத்த வில்லங்கம் தொடங்கியது. மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல், பான் அட்டையில் விரித்த பெயர், ஆதாரில் இனிஷியல் பின்னால். மூன்றையும் ஒப்பிட்ட மென்பொருள், இவர் மூன்று ஆட்கள் என்று முடிவு கட்டியது. திருமணத்துக்குப் பின் இனிஷியலை மாற்றிக்கொண்ட பெண்களின் பாடு இன்னும் மோசம்.

கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது, திருச்சியிலும் சென்னையிலும் விமான நிலையத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அது அரசின் முடிவு, மென்பொருளின் முடிவு இல்லைதான். ஆனால் எல்லா மனிதருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்ற எண்ணம், படிவங்களின் கட்டங்கள் வழியாகத்தான் உலகம் முழுக்கப் பொதுவிதியாகிப் போனது. கட்டத்தை வரைந்தவர் தன் ஊர் வழக்கத்தை மனித குலத்தின் வழக்கமாக எண்ணிக்கொண்டார். அதில் அடங்காதவர்கள் பிழையானவர்கள் ஆகிவிட்டார்கள்.

இன்னொன்றையும் இதே குறிப்பில் சொல்ல வேண்டும். வங்கிகள் வாடிக்கையாளரை இணைய வழியில் சரிபார்க்கும்போது, திரையில் இருப்பது உயிருள்ள மனிதர்தான் என்று உறுதி செய்யக் கண் சிமிட்டச் சொல்கின்றன. அமில வீச்சில் கண்ணிமைகளை இழந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிமன்றம், இணையச் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கண் சிமிட்டுவதற்கு மாற்று வழிகள் ஏற்படுத்தவும் உத்தரவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் "எங்களால் முடியவில்லை" என்று ஒதுங்கியிருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்காது.

4. கவனக்குறைவு வேறு, கணக்குப் போட்டுச் செய்வது வேறு

இதுவரை சொன்னவை கவனமின்மையால், அலட்சியத்தால், பிறரை நினைத்துப் பார்க்காததால் வந்தவை. இனிச் சொல்லப்போவது வேண்டுமென்றே செய்வது.

ஒரு வார இதழின் செயலியில் நான் சந்தா சேர்ந்தேன். சேர ஒரே ஓர் அழுத்தல் போதும். விலக வேண்டும் என்று நினைத்தபோது, எங்கே தேடியும் வழி இல்லை. கடைசியில் உதவிப் பக்கத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண், வேலைநாள்களில் மட்டும். கணினி கற்பித்த எனக்கே அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. நுழையும் கதவை அகலமாகவும் வெளியேறும் கதவைச் சந்துக்குள்ளும் வைப்பது தற்செயலாக நடப்பதில்லை. ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010இல் இப்படிப்பட்ட தந்திரங்களுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர் வைத்தார்.

இதற்குப் பொதுப் பதிவில் உள்ள பெரிய சான்று அமேசான் பிரைம் வழக்கு. 2023 ஜூனில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் தொடுத்தது. பிரைம் சந்தாவிலிருந்து விலகும் வழிமுறைக்கு நிறுவனத்துக்குள் இலியட் என்று பெயர் வழங்கினார்கள் என்று குற்றச்சாட்டில் வந்தது. டிராய் நகரத்து நெடும்போரைப் பாடும் கிரேக்கக் காப்பியத்தின் பெயர் அது. விலக விரும்புகிறவர் நான்கு பக்கங்களைத் தாண்டி, ஆறு முறை அழுத்தி, பதினைந்து தேர்வுகளுக்கு நடுவே வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2025 செப்டம்பரில் அமேசான், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், 250 கோடி டாலர் தர இசைந்தது. அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. சந்தாவை நிறுத்தத் தெரியாமல் "நமக்குத்தான் விவரம் போதவில்லை" என்று பணம் கட்டிக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

மைக்ரோசாஃப்ட் 2016இல் செய்ததும் நினைவிருக்கலாம். விண்டோஸ் 10க்கு மாறுங்கள் என்று ஒரு பெட்டி வந்துகொண்டே இருந்தது. அதன் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினால் பெட்டி மூடிக்கொள்ளும். வேண்டாம் என்று பொருள் என்றுதான் இருபதாண்டாக நாம் பழகியிருந்தோம். அந்த ஒரு பெட்டியில் மட்டும், அதை அழுத்தினாலும் மாற்றத்துக்குக் குறித்த நேரம் ரத்தாகவில்லை. கேட்காமலே மாறிய கணினி படுத்துவிட்டதால் தொழில் கெட்டது என்று கலிபோர்னியாவில் பயண முகவர் ஒருவர் வழக்குப் போட்டு 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். ஒற்றை ஆள், சிறு வழக்குகளுக்கான நீதிமன்றம். ஆனாலும் நின்றார்.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இத்தகைய தந்திரங்களைத் தடுக்க நெறிமுறைகளை வெளியிட்டது. பதின்மூன்று தந்திரங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவது, சந்தாவில் சிக்க வைப்பது, மறுப்பவரைக் கூச வைப்பது. இந்தக் கடைசி வகைக்கு அதிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. விமானச் சீட்டோடு காப்பீடு வேண்டாம் என்பவர் "நான் பாதுகாப்பில்லாமலே இருக்கிறேன்" என்ற வரியை அழுத்தினால்தான் மேலே போக முடியும். மறுப்பதற்கு உள்ள உரிமையை அவமானமாக மாற்றுகிறது அந்த வரி. எனக்கு இதைப் படித்தபோது உண்மையாகவே கோபம் வந்தது.

5. தமிழில் இருந்தும் தமிழருக்கு இல்லாதது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் போய்விட்டது. ஆனால் செயலியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிய பலர் ஒரே வாரத்தில் ஆங்கிலத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். காரணம் மொழிப்பற்று இல்லாமை என்று மேடைகளில் சொல்கிறோம். பொத்தானில் உள்ள தமிழைப் படித்துப் பாருங்கள். எந்த இடத்தில் அந்தச் சொல் வருகிறது என்று பார்க்காமல் அகராதியிலிருந்து பெயர்த்து ஒட்டியிருப்பார்கள். பாதி வாக்கியம் பொத்தானுக்கு வெளியே வெட்டுப்பட்டு நிற்கும். ஒரு வங்கியின் பணம் எடுக்கும் இயந்திரத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்த முதியவர் ஒருவர், பின்னால் நின்ற என்னிடம் "இது என்ன கேக்குதுங்க?" என்று கேட்டார். நானும் இரண்டு முறை படித்த பிறகே சொன்னேன்.

அண்டை மொழிக்கும் இதே கதிதான். 2018 பிப்ரவரியில் தெலுங்கு எழுத்துச் சேர்க்கை ஒன்று செய்தியில் வந்தாலே ஐபோன் செயலிகள் முடங்கின. ஆப்பிள் சில நாள்களில் சரிசெய்தது. கோடிக்கணக்கானோர் எழுதும் ஒரு மொழியின் எழுத்து, சோதனை மேசைக்கே வராமல் கடைக்கு வந்திருக்கிறது என்பதுதான் அதிலிருந்து எனக்குத் தெரிந்தது.

6. விதி வந்தால் வடிவமும் மாறும்

இந்த இடத்தில் என் நண்பர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள். கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒன்றில் எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது, பல சேவைகள் இலவசமாகவும் கிடைக்கின்றன, பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்பார்கள். விட்டுவிடலாம் என்பது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. இன்று உதவித்தொகையும் தேர்வு முடிவும் மருத்துவமனை முன்பதிவும் பள்ளிக் கட்டண ரசீதும் செல்பேசி வழியாக வருகின்றன. கிராமத்துத் தாய் வாட்ஸ்அப்பை விட்டால், பிள்ளையின் வகுப்பாசிரியர் அனுப்பும் செய்தியையும் விட வேண்டும். வேறு வழி இல்லாதவரிடம் விருப்பம் இருந்தால் வா என்று சொல்வது நியாயமில்லை.

முடியாது என்பதும் சரியில்லை. 2021 அக்டோபர் 1 முதல், அட்டையிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அட்டையை வழங்கிய வங்கி தெரிவிக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி முழுமையாக நடப்புக்கு வந்தது. அதற்கு முன் அந்தச் செய்தி நமக்கு ஏன் வரவில்லை? அனுப்பும் தொழில்நுட்பம் அன்றும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய செல்பேசிகளுக்கெல்லாம் யூஎஸ்பி சி துளைதான் என்று விதித்தது. ஆப்பிள் அதற்கு ஓராண்டு முன்பே மாறிக்கொண்டது. பல ஆண்டு கேட்டுப் பெற முடியாததை ஒரு விதி பெற்றுத் தந்தது.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் செய்முறைத் திட்டத்தில் ஒரு செயலியை எழுதினால், மதிப்பெண்ணுக்கு ஒப்படைக்கும் முன் அதை இதுவரை பார்க்காத ஒருவர் கையில் கொடுங்கள். உங்கள் பாட்டியிடம், விடுதிச் சமையல்காரரிடம், பேருந்து நடத்துநரிடம். பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள். "அது அங்க இருக்கு பாருங்க" என்று சொல்லத் துடிக்கும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களைத்தான் நீங்கள் திருத்த வேண்டும். பிழைச் செய்தி எழுதும்போது அதில் "நீங்கள்" என்ற சொல் எழுவாயாக வந்தால், அது உண்மைதானா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்வது இது. வீட்டில் பெரியவர் செல்பேசியை நீட்டி "இது என்னன்னு பாருப்பா" என்றால், "இதுகூடத் தெரியாதா" என்று வாங்காதீர்கள். என் அக்காவிடம் அப்படிச் சொன்ன தவறு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் செய்தது. அதனால்தான் அவர் பிள்ளைகளிடம் கேட்காமல், தனியாகக் காலண்டர் தாளோடு போராடிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை ஒரு செயலி உங்களை ஏமாற்றினாலோ, கேட்காமல் பணம் எடுத்தாலோ, விலக வழி தராவிட்டாலோ, "எனக்குத் தெரியல" என்று சொல்வதற்கு முன் திரையைப் படம் பிடித்துத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டிலும் அலுவலகத்திலும் "உங்களுக்கும் இப்படி ஆச்சா?" என்று கேளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். எண் 1915. கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.